நிறுவிய எழுத்துரு மென்பொருளின் பட்டியலில் வராதது ஏன்?

கேள்வி இதுதான்: புதிய எழுத்துரு ஒன்றை இறக்கி விண்டோஸ் கணினியில் நிறுவியாகிவிட்டது. அமைப்புகளில் உள்ள எழுத்துருப் பக்கத்தில் அது இருக்கிறது. கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் எழுத்துகளும் ஒழுங்காகத் தெரிகின்றன. ஆனால் வேர்டில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் காணவில்லை, ஃபோட்டோஷாப்பிலும் காணவில்லை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும், கணினியை அணைத்துப் போட்டும் பயனில்லை. வேறு என்ன வழி?

முதலில் மறுபடி மறுபடி நிறுவுவதை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய கோப்பு முழுமையாக நீங்குகிறது என்று உறுதி இல்லை. சில நேரம் அதே பெயருடன் பூஜ்யமோ ஒன்றோ ஒட்டிக்கொண்ட இரண்டாவது பிரதி உருவாகிவிடும். அதன் பிறகு, முதலில் இருந்த கோளாறோடு இரட்டைப் பதிவு என்ற இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும். எதனால் வந்தது என்று பிரித்தறிவது அப்போது இன்னும் கடினம்.

இதில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எழுத்துருக் கோப்பு வட்டில் இருக்கிறது. இயங்குதளம் அதைப் படித்துத் தன் பட்டியலில் சேர்க்கிறது. மென்பொருள் அந்தப் பட்டியலை வாங்கித் தனக்குப் பிடித்த முறையில் வடிகட்டி, வரிசைப்படுத்தி நமக்குக் காட்டுகிறது. மூன்றாவது கட்டத்தில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு. ஆகவே முதலில் செய்ய வேண்டிய சோதனை, நோட்பேட் போன்ற எளிய மென்பொருள் ஒன்றைத் திறந்து அங்கே அந்த எழுத்துரு வருகிறதா என்று பார்ப்பது. அங்கே வந்து வேர்டில் வரவில்லை என்றால் வேர்டின் பக்கம் தேட வேண்டும். எங்குமே வரவில்லை என்றால் கோப்பிலோ, நிறுவப்பட்ட இடத்திலோ தேட வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஆளுக்கு ஆள் சொல்லும் வைத்தியங்களை எல்லாம் வரிசையாகச் செய்து பார்ப்பவர்களே அதிகம்.

அதோடு, பெரும்பாலான மென்பொருள்கள் தொடங்கும்போது மட்டுமே எழுத்துருப் பட்டியலை வாங்கிக்கொள்கின்றன. நிறுவும்போது வேர்டு திறந்திருந்தால், அதன் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறந்தால்தான் புதியது தெரியும். பின்னணியில் ஒரு சாளரம் ஒளிந்திருந்தாலும் பழைய பட்டியலே நீடிக்கலாம். கணினியை 'அணைத்துப் போட்டேன்' என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 8 முதல் 'வேகத் தொடக்கம்' என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் இயங்குகிறது. அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழுப்பப்படுகிறது. உண்மையான புதுத் தொடக்கம் வேண்டுமென்றால் 'மறுதொடக்கம்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவை முடிந்தும் காணவில்லையா? அப்படியானால், காணவில்லை என்று தேடப்படும் எழுத்துருக்களில் கணிசமானவை உண்மையில் பட்டியலிலேயே இருக்கின்றன, வேறு பெயரில். கோப்பின் பெயர் வேறு, எழுத்துருவின் பெயர் வேறு. கோப்புக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம். மென்பொருள் அதைப் பார்ப்பதே இல்லை. எழுத்துருவுக்குள் 'பெயர் அட்டவணை' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் குடும்பப் பெயர், பாணிப் பெயர், முழுப்பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் என்று எண்ணிட்ட பல பதிவுகள். பட்டியலில் வருவது இவற்றுள் ஒன்று. உருவாக்கியவர்கள் தங்கள் நிறுவனத்தின் பெயரையோ, குறியேற்ற முறையின் (எழுத்துகளுக்குக் கணினியில் எண் ஒதுக்கும் ஏற்பாட்டின்) பெயரையோ முன்னொட்டாகச் சேர்த்திருந்தால் அகரவரிசையில் இடமே மாறிவிடும். பரணர் என்ற தமிழ் எழுத்துருவை ஆங்கில 'பி' வரிசையில் தேடினால் கிடைக்காது. 'டிஎஸ்சியு_பரணர்' என்பது அதன் பெயர், ஆகவே 'டி' வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம் குடும்பத்தில் பல தடிமன்கள் இருக்கும்போது வருகிறது. விண்டோஸின் பழைய வரைகலைக் கட்டமைப்பில் ஒரு குடும்பத்துக்கு நான்கே பாணிகள்: இயல்பு, தடிமன், சாய்வு, தடிமன்சாய்வு. மெல்லியது, நடுத்தரம், அதிதடிமன் என்று ஒன்பது நிலைகளில் எழுத்துரு செய்பவர்கள் இந்த நான்குக்குள் அடங்க முடியாது. எனவே பெயர் அட்டவணையில் இரண்டு விதமாகப் பெயர் எழுதுகிறார்கள். ஒன்றாம் எண் பதிவில், நான்கு பாணிக் கணக்குக்கு ஒத்துவரும்படி ஒவ்வொரு தடிமனையும் தனிக் குடும்பமாகக் காட்டுகிறார்கள். பதினாறாம் எண் பதிவில் உண்மையான குடும்பப் பெயரைக் கொடுக்கிறார்கள். வேர்டு முதலாவதைப் படிக்கிறது. அடோபியின் மென்பொருள்கள் பதினாறாவதைப் படிக்கின்றன. விளைவு, 'நோட்டோ சான்ஸ் தமிழ்' குடும்பத்தின் நடுத்தரத் தடிமன் வேர்டில் 'நோட்டோ சான்ஸ் தமிழ் மீடியம்' என்று தனி வரியாக வரும். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் குடும்பப் பெயருக்குள் துணைப்பட்டியலாக ஒடுங்கியிருக்கும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் தேடினால் இல்லை என்றுதான் தோன்றும்.

பெயர் நீளமும் ஒரு தடை. அதே பழைய கட்டமைப்பில் குடும்பப் பெயருக்கு 31 குறிகளுக்குத்தான் இடம். அதைத் தாண்டிய பெயர்களைச் சில மென்பொருள்கள் காட்டாமலே விட்டுவிடும். அதனால்தான் கவனமுள்ள வடிவமைப்பாளர்கள் பாணிப் பெயர்களைச் சுருக்கி எழுதுகிறார்கள். இதற்குப் பயனரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. உருவாக்கியவரிடம்தான் சொல்ல வேண்டும். இரண்டு கோப்புகள் உள்ளே ஒரே முழுப்பெயரையோ ஒரே போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரையோ வைத்திருந்தாலும் வம்புதான்: ஒன்று மற்றதை மறைத்துவிடும். ஒருவர் எழுத்துருவை எடுத்துத் திருத்தி, கோப்பின் பெயரை மட்டும் மாற்றி வெளியிடும்போது இது நேர்கிறது.

உண்மையான பெயரை அறிய ஊகம் தேவையில்லை. விண்டோஸ் அமைப்புகளில் 'தனிப்பயனாக்கம்' பகுதியில் 'எழுத்துருக்கள்' பக்கத்துக்குப் போய், அந்த எழுத்துருவைக் கிளிக் செய்தால் கீழே முழுப்பெயரும் கோப்பு இருக்கும் பாதையும் தெரியும். முழுப்பெயரைக் குறித்துக்கொண்டு வேர்டின் எழுத்துருப் பெட்டியில் நேரடியாகத் தட்டச்சு செய்து பாருங்கள்.

அந்தப் பாதையைக் குறிப்பாகக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் விண்டோஸில் எழுத்துரு நிறுவ நிர்வாகி உரிமை தேவைப்பட்டது. எல்லாம் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' கோப்புறைக்கே போயின. 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் இது மாறியது. அதிலிருந்து வெறுமனே 'நிறுவு' என்று கொடுத்தால், கோப்பு அந்தப் பயனருடைய சொந்தக் கோப்புறைக்குப் போகிறது. அமைப்புகள் பக்கம் இரண்டு இடங்களையும் சேர்த்துக் காட்டுவதால், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் 2018க்கு முன் எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவும் விண்டோஸ் கோப்புறையை மட்டுமே பார்க்கத் தெரிந்தவை. பொறியியல் வரைபட மென்பொருள்களின் பழைய பதிப்புகளிலும், ஜாவாவில் எழுதப்பட்ட பழைய மென்பொருள்களிலும் இதை அதிகம் காணலாம். வேறொரு பயனர் கணக்கில் இயக்கப்படும் மென்பொருளுக்கும் உங்கள் சொந்தக் கோப்புறை தெரியாது. பின்னணிச் சேவையாக ஓடிப் பிடிஎஃப் உருவாக்கித் தரும் மென்பொருள்கள் இந்த வகை. திரையில் சரியாக இருக்கும், வெளிவரும் ஆவணத்தில் மட்டும் வேறு எழுத்துரு இருக்கும்.

பாதையில் 'யூசர்ஸ்' என்று தொடங்கி உங்கள் பயனர் பெயர் வந்தால் இதுதான் நிலைமை. அந்த எழுத்துருவை முதலில் நீக்குங்கள். பிறகு கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'அனைத்துப் பயனர்களுக்கும் நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் 'மேலும் விருப்பங்களைக் காட்டு' என்பதற்குள் பாருங்கள். நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். கோப்பு சுருக்கப்பட்ட தொகுப்புக்குள் இருந்தால், அதை விரித்து வெளியே எடுத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். எழுத்துருக் கோப்புறையில் குறுக்குவழி மூலம் நிறுவும் வசதியும் உண்டு. அதை இயக்கியிருந்து, மூலக்கோப்பு வெளிவட்டில் இருந்தால், வட்டைக் கழற்றியதும் எழுத்துருவும் போய்விடும்.

அலுவலகக் கணினி என்றால் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10இல் வந்த ஒரு பாதுகாப்புக் கொள்கை, விண்டோஸின் எழுத்துருக் கோப்புறைக்கு வெளியே உள்ள எழுத்துருக்களைத் தடுக்கக்கூடியது. கணினிப் பிரிவு அதை இயக்கியிருந்தால், உங்கள் பக்கத்தில் என்ன செய்தாலும் நடக்காது. அவர்களே அனைத்துப் பயனர்களுக்கும் நிறுவித் தர வேண்டும்.

இப்போது கேள்வியில் உள்ள அறிகுறிகளுக்கே வருகிறேன். விண்டோஸ் காட்டுகிறது, வேர்டும் ஃபோட்டோஷாப்பும் இரண்டுமே காட்டவில்லை. இந்தச் சேர்க்கையைக் கேட்டதும் எனக்கு முதலில் எழும் சந்தேகம் கோப்பின் வகைதான். கோப்பின் நீட்டிப்பு பிஎஃப்எம் அல்லது பிஎஃப்பி என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் அது அடோபி 1984இல் கொண்டுவந்த 'டைப் 1' வகை. விண்டோஸ் அதை நிறுவவிடும், திறந்தும் காட்டும். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2013 பதிப்பிலேயே அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஃபோட்டோஷாப் 2021இலும், அடோபியின் மற்ற மென்பொருள்கள் 2023 ஜனவரியிலிருந்தும் கைவிட்டன. லினக்ஸ் பக்கமும் அப்படியே: லிப்ரேஆஃபீஸ் 5.3 பதிப்பிலும், பல மென்பொருள்களுக்கு எழுத்து வரைந்து தரும் பாங்கோ 1.44 பதிப்பிலும் டைப் 1க்கு இடமில்லாமல் போனது. பழைய அச்சுப் பணிகளுக்காக வாங்கி வைத்த எழுத்துருக்கள் ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு கூண்டோடு காணாமல் போனால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அதே எழுத்துருவின் ஓப்பன்டைப் (இன்று பரவலாக வழங்கும் எழுத்துரு வகை) பதிப்பைத் தேடிப் பெறுவதே சரியான தீர்வு. பல நிறுவனங்கள் அப்படி வெளியிட்டிருக்கின்றன.

நீட்டிப்பு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்றால் அடுத்த சந்தேகம், அது மாறுநிலை எழுத்துருவா என்பது. 2016 செப்டம்பரில் ஓப்பன்டைப் 1.8 வரையறையோடு வந்த வகை இது. மெல்லியதிலிருந்து அதிதடிமன் வரை எல்லா நிலைகளும் ஒரே கோப்புக்குள் இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இறக்கும் தொகுப்புகள் பலவற்றில் மேலே மாறுநிலைக் கோப்பும், 'ஸ்டாட்டிக்' என்ற உள்கோப்புறையில் தனித்தனித் தடிமன்களும் இருக்கின்றன. பலர் மேலே உள்ளதை மட்டும் நிறுவிவிட்டு, தடிமன்கள் எங்கே என்று தேடுகிறார்கள். மாறுநிலையை அறியாத மென்பொருள் அதில் ஒரே ஒரு நிலையைத்தான் காட்டும். வேர்டில் வேலை செய்பவர்களுக்கு என் பரிந்துரை உள்கோப்புறையில் உள்ள தனிக்கோப்புகளே. இரண்டையும் சேர்த்து நிறுவிவிடாதீர்கள். மேலே சொன்ன பெயர் மோதல் வந்து சேரும். உவாஃப், உவாஃப்2 வகைக் கோப்புகள் இணையப் பக்கங்களுக்கானவை. விண்டோஸில் அவற்றை நிறுவ முடியாது.

ஃபோட்டோஷாப்புக்கே உரிய ஒரு சிறு பொறியும் இருக்கிறது. அதன் எழுத்துருப் பட்டியலின் மேற்பகுதியில் வடிகட்டிகள் உள்ளன: விருப்பமானவை மட்டும், அடோபி ஃபான்ட்ஸிலிருந்து வந்தவை மட்டும், இன்ன வகை மட்டும் என்று. தவறுதலாக ஒன்றைச் சொடுக்கி விட்டுவிட்டால் மற்ற எழுத்துருக்கள் மறைந்துவிடும். பட்டியல் வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

நோட்பேடில் வராமல் வேர்டில் மட்டும் வருகிறது என்ற தலைகீழ் நிலையும் உண்டு. விண்டோஸ் 7 முதல், கட்டுப்பாட்டுப் பலகத்தின் எழுத்துரு அமைப்புகளில் 'மொழி அமைப்புகளின் அடிப்படையில் எழுத்துருக்களை மறை' என்றொரு தேர்வு இருக்கிறது. நீங்கள் சேர்த்துள்ள உள்ளீட்டு மொழிகளுக்கு வேண்டாதவை என்று விண்டோஸ் கருதும் எழுத்துருக்களை அது மறைத்துவிடும். ஆஃபீஸ் அதைப் பொருட்படுத்துவதில்லை, சிறு மென்பொருள்கள் கீழ்ப்படிகின்றன. எழுத்துருக் கோப்புறையில் அவை மங்கலாகத் தெரியும். வலது கிளிக் செய்து 'காட்டு' என்று கொடுத்தால் போதும்.

விண்டோஸ் 10 வந்தபோது லதா, விஜயா போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் இயல்பாக நிறுவப்படுவது நின்று, 'தமிழ்த் துணை எழுத்துருக்கள்' என்ற விருப்ப அம்சமாகிவிட்டன. அவை காணாமல் போனால் எங்கிருந்தோ இறக்க வேண்டியதில்லை. அமைப்புகளில் 'விருப்ப அம்சங்கள்' பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலில் எழுத்துரு வந்தும் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்து மாறவில்லை என்பது வேறு பிரச்சினை. அந்த எழுத்துருவில் யூனிகோடு தமிழ் இல்லை என்று பொருள். பழைய குறியேற்றங்களில் செய்யப்பட்ட எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்த உரைக்கு அவை பயன்படா. மென்பொருள் சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவைப் போட்டுவிடும்.

'கேச்சை (தற்காலிகச் சேமிப்பை) அழியுங்கள்' என்ற அறிவுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். விண்டோஸில் எழுத்துருத் தற்காலிகச் சேமிப்புக்கென்று ஒரு சேவை ஓடுகிறது. அதை நிறுத்தி, அதன் கோப்புகளை நீக்கி, மறுதொடக்கம் செய்தால் புதிதாக உருவாகும். நீக்கிய எழுத்துரு இன்னும் பட்டியலில் நிற்கும்போதும், எழுத்துகள் சிதைந்து தெரியும்போதும் இது உதவும். புதிதாக நிறுவியது வரவில்லை என்பதற்கு இது காரணமாக இருப்பது குறைவு. கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேக் கணினியில் பார்க்க வேண்டியது 'ஃபான்ட் புக்'. அங்கே எழுத்துரு முடக்கப்பட்டிருக்கலாம், அல்லது இரட்டைப் பிரதி என்று எச்சரிக்கைக் குறி இருக்கலாம். பிரதிகளைத் தீர்த்துவைக்கவும், கோப்பைச் சரிபார்க்கவும் அதிலேயே கட்டளைகள் உண்டு. பயனருக்கு மட்டுமா, கணினி முழுமைக்குமா என்ற வேறுபாடு மேக்கிலும் இருக்கிறது. பாதுகாப்புப் பயன்முறையில் ஒருமுறை தொடங்கினால் எழுத்துருத் தற்காலிகச் சேமிப்பு தானாகவே அழிக்கப்படுகிறது. தனியாக எந்தக் கோப்பையும் தேடி அழிக்க வேண்டாம்.

லினக்ஸில் விஷயம் வெளிப்படையானது. எழுத்துருத் தற்காலிகச் சேமிப்பைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேச் கட்டளையைக் கொடுத்துவிட்டு, எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையின் வெளியீட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்பு தவறான கோப்புறையில் இருக்கிறது அல்லது அதைப் படிக்கும் அனுமதி இல்லை. கட்டளையில் வந்து மென்பொருளில் வரவில்லை என்றால், அந்த மென்பொருள் ஃபிளாட்பேக் அல்லது ஸ்னாப் தொகுப்பா என்று கேளுங்கள். அவை தனிச் சுவருக்குள் ஓடுபவை. குறிப்பிட்ட எழுத்துருக் கோப்புறைகள் மட்டுமே உள்ளே காட்டப்படும். எழுத்துருக்களை வேறொரு வட்டில் வைத்துக் குறியீட்டு இணைப்பு கொடுத்திருப்பவர்களுக்கு இது தலைவலி: இணைப்பு உள்ளே தெரியும், அது சுட்டும் இடம் தெரியாது. கோப்புகளை உண்மையாகவே நகலெடுத்து வைப்பதுதான் வழி.

உலாவியில் ஓடும் மென்பொருள்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. கூகுள் டாக்ஸ் உங்கள் கணினியின் எழுத்துருக்களைப் பார்ப்பதே இல்லை. தன் பட்டியலில் இருப்பதை மட்டும் தரும். வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மாவை உலாவியில் பயன்படுத்தினால் அதற்கென உள்ள எழுத்துரு உதவி நிரலை நிறுவ வேண்டும். கணினியில் நிறுவும் பதிப்புக்கு அது தேவையில்லை. மாறாக, இன்றைய வேர்டின் பட்டியலில் கணினியில் இல்லாத எழுத்துருக்களும் மேகக் குறியோடு நிற்கின்றன. அவை தேர்ந்தெடுக்கும்போது இறங்குபவை. ஆகவே பட்டியலில் ஒன்று இருக்கிறது என்பதால் அது நிறுவப்பட்டிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

இத்தனைக்கும் பிடிகொடுக்கவில்லை என்றால் கோப்பே பழுதாக இருக்கலாம். ஒரு மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் பிழையை இன்னொன்று ஏற்காது. ஒன்றில் வந்து மற்றொன்றில் வராததற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது பலரும் நாடுவது, எழுத்துருவை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றித் தரும் இலவச இணையதளங்களை. தமிழ் எழுத்துருவுக்கு இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். கொம்பு எங்கே நிற்க வேண்டும், 'கு', 'டு' போன்றவை எப்படிச் சேர வேண்டும் என்ற விதிகள் எழுத்துருவின் தனி அட்டவணைகளில் இருக்கின்றன. மாற்றும்போது அவை உதிர்ந்துபோனால் எழுத்துரு பட்டியலில் வரும், உயிர்மெய்கள் பிரிந்து கிடக்கும். உருவாக்கியவரின் சொந்தத் தளத்துக்குப் போய்ப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்பின் நீட்டிப்பு, இயங்குதளத்தின் பதிப்பு, எந்த மென்பொருளில் வருகிறது, எதில் வரவில்லை என்ற நான்கையும் எழுதி அவருக்கே அனுப்புங்கள்.